பொழுதுபோக்கு: நீச்சல், தோட்டம், பாட்டு

ஞானதிரவியம் அண்ணாச்சி சொல்வதில் பாதியைக் கழித்து, மிச்சத்திலும் பாதியைக் கழித்தால், கடைசியில் மிஞ்சுவது ஒரு இருமல் மட்டும்தான். சுரண்டை ஊருக்கே இது தெரியும். தெரிந்தும் அவருடைய ஜெராக்ஸ் கடைக்கே எல்லாரும் ஏன் போனார்கள் என்றால், பஸ் ஸ்டாண்டைச் சுற்றி பயோடேட்டா அடித்துத் தருகிற கடை அது ஒன்றுதான்.

இசக்கியம்மாளும் அதனால்தான் போனாள். பிளஸ் டூ முடித்தாயிற்று. மேலே படிக்கப் பிடிக்கவில்லை என்று வீட்டில் பட்டென்று சொல்லியும் ஆயிற்று. சொன்னதன் பலன், திங்கட்கிழமை அத்தை வந்து அவளைத் திருப்பூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. இரண்டு வருஷம் ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன். அதிலிருந்து தப்ப ஒரே வழி, பஜாரில் புதிதாகத் திறக்கப்போகிற சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை. மொத்தம் அஞ்சு பேருக்குத்தான் இடம். இன்டர்வியூ பதினொன்றரைக்கு. அவள் கடைக்குள் நுழைந்தபோது மணி பத்தரை.

பேர், அப்பா பேர், மார்க்கு எல்லாம் மளமளவென்று அடித்தார் அண்ணாச்சி. பிறகு கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். அவர் கையை எடுத்தால் வாயைத் திறக்கப்போகிறார் என்று அர்த்தம்.

“இனிதான் முக்கியமான இடம். ஹாபி.”

“எனக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. விட்டுட்டு பிரிண்ட் போடுங்க.”

“விடவா?” அண்ணாச்சி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். “ஏ புள்ள, மார்க்கைப் பாத்தா வேலை குடுக்கான்? ஹாபியைப் பாத்துல்லா குடுக்கான். போன வருஷம் ஊத்துமலையில இருந்து ஒரு பையன் வந்தான். செல்வின்னு பேரு. எல்லாப் பாடத்துலயும் முப்பத்தஞ்சு. நான் ‘நீச்சல்’னு ஒரே ஒரு வார்த்தை போட்டேன். அவன் அரிசி ஆலைக்கு இன்டர்வியூ போன நேரம், முதலாளியம்மா மோதிரம் கிணத்துல விழுந்துட்டு. முதலாளி பேப்பரைப் பாத்தாரு, பையனைப் பாத்தாரு. ‘போட்டிருக்கல்லா, குதி’ன்னாரு. குதிச்சான். ஒரு மணி நேரம் கழிச்சு மேல வாறான். அந்த மோதிரம், அதுக்கு முன்னால விழுந்த ரெண்டு மோதிரம், ஒரு மோட்டாரு, பஞ்சாயத்துல காணாமப்போன தண்ணி டேங்கு. அத்தனையும் ஒத்தக் கையில.”

பெஞ்சிலிருந்து ஒரு செருமல் கேட்டது. ரிட்டயர் ஆன கண்டக்டர் சுடலைமுத்து. பென்ஷன் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க ஒன்பது மணிக்கு வந்தவர், எடுத்து முடித்தும் போகாமல் உட்கார்ந்திருந்தார். “வே, அந்த ஆலைக் கிணறு எனக்குத் தெரியும். பத்து வருஷமா அதுல தண்ணி கிடையாது.”

“தண்ணி உள்ள கிணத்துல எவனும் நீந்துவான் வே. அதுக்கா வேலை குடுப்பாங்க?”

“மணி பத்து நாப்பது” என்றாள் இசக்கி.

“இரு புள்ள. அடுத்தவன் கதையைக் கேட்டா நீயே நேரத்தை மறந்துருவ. வீரகேரளம்புதூர்க்காரன். அவனுக்குத் ‘தோட்டம் போடுவது’ன்னு அடிச்சேன். பேப்பரை ஒரு ஆபீசர் மேசையில வச்சானா, ஆபீசர் முதல் கேள்வி கேக்காரு, பேப்பர்ல வேர் விடுது. ரெண்டாவது கேள்விக்கு இலை. நாலாவது கேள்விக்கு முருங்கைக்காய் தொங்குது. ஆபீசர் அஞ்சாவது கேள்வியை விட்டுட்டு, வீட்டுக்குப் போனைப் போட்டு, ‘சாம்பாருக்குப் பருப்பைப் போடு’ங்காரு. அன்னைக்கே ஆர்டர்.”

“முருங்கைய கம்பை நட்டுல்லா வளப்பாங்க” என்றார் கண்டக்டர்.

“அதான் வே ஆபீசரும் அசந்துட்டாரு.”

இசக்கிக்குக் கால் ஆடத் தொடங்கியது. பொய் சொல்வது அவளுக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு சொல்வதுதான் குற்றம்.

“மூணாமத்தவன்” என்று அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். “அவனுக்குப் ‘பாட்டுக் கேட்பது’. தூத்துக்குடியில கப்பல் கம்பெனி. அங்க போய் உக்காந்தவன், ‘சார், கொஞ்சம் ஃபேனை நிறுத்துங்க’ன்னான். நிறுத்துனாங்க. ‘கொழும்புல ஒரு கப்பல் கிளம்பிட்டு. சமையக்காரன் பாடுதான். சுருதி சேரல, ஆளுக்கு ஜலதோஷம்’னான். மறுநாள் கப்பல் வருது. சமையக்காரன் மூக்கைச் சிந்திக்கிட்டே இறங்குதான். இன்னைக்கும் அவன் கடற்கரையில ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கான். அதுக்குச் சம்பளம்.”

“அவன் இப்போ நீரு பேசுததையும் கேப்பானோ?”

“கேப்பான். மரியாதைக்கு மறுத்துப் பேச மாட்டான். உம்மைப் போலவா?”

“இவ்வளவு ஹாபி தெரிஞ்ச நீங்க ஏன் அண்ணாச்சி வேலைக்குப் போகல?” என்று கேட்டாள் இசக்கி. கேட்ட பிறகுதான் தப்பு செய்துவிட்டோம் என்று புரிந்தது. அண்ணாச்சி இந்தக் கேள்விக்காகவே காலையிலிருந்து காத்திருந்த மாதிரி சாய்ந்துகொண்டார்.

“போனேனே. பம்பாயில பெரிய கம்பெனி. என் ஹாபி ‘தூக்கம்’னு உண்மையைப் போட்டேன். ‘செஞ்சு காட்டு’ன்னாங்க. அந்த நாற்காலியிலேயே தூங்குனேன். முதல் நாள் ராத்திரிக்குள்ள, இப்படி ஒரு பொறுமையான ஆளைப் பாத்ததில்லன்னு கிளார்க்கு ஆக்கிட்டாங்க. மூணாம் நாள் ஹெட் கிளார்க்கு. அஞ்சாம் நாள் மேனேஜர். ஸ்ட்ரைக் வந்துச்சு, நான் வாயே திறக்கல, அடங்கிட்டு. பதினோராம் நாள் கண்ணை முழிச்சுப் பாக்கேன், கழுத்துல மாலை, தோள்ல பொன்னாடை. எல்லாரும் அழுதாங்க. என்னன்னு கேட்டா, ரிட்டயர்மெண்டாம்.”

கண்டக்டர் கண்ணாடியைத் துடைக்க, மேசைக்கடியில் கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து வீணாய்ப்போன பிரிண்ட் ஒன்றை உருவினார். துடைக்கப் போனவர் படித்தார். இன்னொன்றை உருவினார். பிறகு ஒரு கத்தையையே எடுத்து இசக்கியிடம் நீட்டினார்.

பொழுதுபோக்கு: நீச்சல், தோட்டம் போடுவது, பாட்டுக் கேட்பது. அடுத்த தாளிலும் அதே நீச்சல், அதே தோட்டம், அதே பாட்டு. வாட்ச்மேன் வேலைக்குப் போட்ட அறுபது வயது மாடசாமிக்கும் நீச்சல். சத்துணவுக்கூடத்துக்குப் போட்ட பூரணத்தம்மாளுக்கும் நீச்சல். அண்ணாச்சி ஆளுக்கொரு பயோடேட்டா அடிப்பதே கிடையாது. என்றைக்கோ அடித்த ஒன்றைத் திறந்து, பேரையும் மார்க்கையும் மாத்திரம் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்.

இசக்கி எட்டி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். தேதி என்று எது இருந்தாலும் அவள் கண் நேரே அங்கேதான் போகும். “பிறந்த தேதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணுன்னு இருக்கு, அண்ணாச்சி.”

“அது… அனுபவம் கூடத் தெரியட்டுமேன்னு.”

“மாத்துங்க. நீச்சலையும் எடுங்க. குளமே வத்திக் கிடக்கு, ஊர் பூரா நீச்சலாம்.”

“அப்போ எதைப் போட? வெறுமன விட்டா வேலை கிடைக்காது, சொல்லிட்டேன்.” இதை மட்டும் அவர் புளுகாகச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

“சும்மா இருக்கையில நெசமா என்ன செய்வ?” என்று கேட்டார் கண்டக்டர்.

இசக்கி யோசித்தாள். “கடைக்குப் போனா ஒவ்வொரு பாக்கெட்டாத் திருப்பித் தேதி பாப்பேன். முடிஞ்சிருந்தா சண்டை போடுவேன்.”

“அது ஹாபியா?”

“எங்க தெருக் கடைக்காரர் என்னைக் கண்டதும் பாதி ஷட்டரை இறக்கிருதாரு. வேணும்னா கேட்டுப் பாருங்க. அதையே போடுங்க. மணி பதினொண்ணே கால்.”

அண்ணாச்சி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு உண்மையை அடித்தார். அதனாலோ என்னவோ, நாலு எழுத்துப் பிழை வந்தது. அவளே கிட்ட நின்று திருத்தினாள்.

சூப்பர் மார்க்கெட்டில் இருபத்தாறு பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் அண்ணாச்சி கடைத் தாள். இசக்கியின் முறை வந்தபோது மேனேஜர் களைத்துப்போய் டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார். தாளை அசட்டையாகப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

“உனக்கு நீச்சல் வராதா?”

“வராது சார். வெளிய இருக்கிறவங்களுக்கும் வராது.”

“இது என்ன, தேதி பார்ப்பது, சண்டை போடுவது? கடை நாங்க நடத்துறோம். கஸ்டமர் கிட்டச் சண்டை போடுவியா?”

இசக்கிக்கு ஒரு நொடி மில்லு ஹாஸ்டல் கண்ணுக்குள் வந்து போனது. ஒரு புளுகு சொல்லிச் சமாளிக்கலாமா என்று பார்த்தாள். அதற்குள் அவள் கை மேசையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைத் தானாகத் திருப்பிவிட்டது.

“கஸ்டமர் கிட்ட இல்ல சார். போன மாசம் பன்னெண்டாந் தேதியோட இது முடிஞ்சிட்டு. நீங்க நாலு தின்னுட்டீங்க.”

மேனேஜர் ஐந்தாவதைக் கீழே வைத்தார். பாக்கெட்டை வாங்கிப் பார்த்தார். வெளியே கொடவுனில் அதே லாட்டில் எத்தனை பெட்டி இறங்கியிருக்கிறது என்று யாரையோ கூப்பிட்டுக் கேட்டார். பிறகு அவளைப் பார்த்து, “திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துரு. ஆதார் ஜெராக்ஸ் கொண்டுவா” என்றார்.

சனிக்கிழமை அவள் ஆதாரோடு போனபோது, அண்ணாச்சி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு புதுப் பையனிடம் பேசிக்கொண்டிருந்தார். பெஞ்சில் கண்டக்டர்.

“…வாசல்ல நின்னுக்கிட்டே மூக்கை உறிஞ்சுதா. ‘உள்ள மூணாவது தட்டுல எட்டாவது சோப்பு நாளையோட முடியுது’ங்கா. மேனேஜர் ஆடிப்போயிட்டாரு. அப்படியே அவரை மேலயும் கீழயும் பாத்தா. ‘சார், உங்களுக்கே போன மாசத்தோட தேதி முடிஞ்சிட்டு’ன்னா. அவ்வளவுதான், அவரைத் தூக்கிட்டு அவளை அந்த நாற்காலியில உக்கார வச்சுட்டாங்க. எல்லாம் நான் போட்டுக் குடுத்த ஹாபி.”

“எனக்கும் அதையே போட்ருங்க அண்ணாச்சி” என்றான் பையன்.

“போட்டாச்சுல்லா.” திரையில் அவளுடைய தாள்தான் இருந்தது. பேர் மட்டும் மாறியிருந்தது. பிறந்த தேதி அவளுடையதே.

இசக்கி ஆதாரைக் கண்ணாடித் தட்டில் வைத்தாள்.

“அஞ்சு பேரையும் எடுத்தாச்சு. அந்த ஹாபிக்கு நேத்தோட தேதி முடிஞ்சிட்டு, அண்ணாச்சி. ரெண்டு காப்பி போடுங்க.”