பைவாயனைத் தேடி வந்த மூடு

கடம்பேரியின் நட்டநடுவில், இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு கருவேல மரம் நின்றது. அந்த மரத்தில் பறவைகள் ஒரு பல்கலைக்கழகம் நடத்தி வந்தன. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மரம் இன்னும் இருக்கிறது.

அங்கே ஒரே ஒரு பட்டப்படிப்புதான். பறப்பு! முதல் பருவத்தில் கிளை நுனியில் நின்று இறக்கை அடிக்க வேண்டும். இரண்டாம் பருவத்தில் கிளைக்குக் கிளை தாவ வேண்டும். மூன்றாவதில் கடைசித் தேர்வு. கிழக்கே நாலு கல் தொலைவில் இருக்கும் காயலுக்குப் பறந்து போய்ச் சேர வேண்டும். சேர்ந்தவருக்குப் பட்டம். கூடவே ஆண்டு முழுக்க மீன்.

தேர்வுக்குத் தேதி குறிப்பது துணைவேந்தர் அல்ல, வெயில். பங்குனியில் ஏரி வற்றத் தொடங்கும். சித்திரையில் மரத்தடி மண் தெரியும். மண் தெரிந்த அன்று, கரையில் காத்திருக்கும் நரி நடந்தே வந்துவிடும். அந்த நரிக்கு மறுதேர்வு, மறுகூட்டல் எதிலும் நம்பிக்கை கிடையாது.

இதெல்லாம் தெரிந்தும், மூன்றாம் பருவத்தில் ஒரு மாணவன் கிளையை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். கூழைக்கடாக் குஞ்சு. பெயர் பைவாயன். கீழ் அலகில் ஜோல்னாப் பை மாதிரித் தோல் தொங்கும். அதில் நாலு படி மீன் பிடிக்கும்.

அவன் முட்டாள் இல்லை. சேர்ந்த முதல் வாரம் எல்லோரையும் விட நீளமாகக் கழுத்தை நீட்டி, "காயல் என்ன காயல்! நான் கடலுக்கே போவேன்!" என்றவன். அவனுடைய அம்மா அதை அப்படியே காயல் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். இரண்டாம் வாரம் அந்த ஆசை எங்கோ போய்விட்டது. எங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

அவனோடு ஒரே கிளையில் தங்கியிருந்தது ஒரு நீர்க்காகம். எப்போது பார்த்தாலும் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டே இருப்பதால் அவனுக்கு ஈரத்துணி என்று பெயர்.

"டேய் பைவாயா, எந்திரி! ரெண்டு தடவை இறக்கையை அடிச்சுப் பாரு!" என்றான் ஈரத்துணி.

"மூடு வரல மச்சான்."

"எப்ப வரும்?"

"அது சொல்லிட்டா வரும்? வரும்போது வரும். வந்துச்சுன்னு வை, ஒரே நாள்ல மொத்த சிலபஸையும் முடிச்சிருவேன்!"

"எனக்கு மட்டும் மூடா வருது? எனக்கு வர்றது இருமல்தான்! அதோடதான் அடிக்கிறேன்" என்று சொல்லி, இருமிக்கொண்டே இறக்கையை அடித்தான் ஈரத்துணி.

பைவாயன் சும்மா இருந்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவன் கால அட்டவணை போட்டான். காகிதம் ஏது? எச்சத்தால் கிளையிலேயே எழுதினான். ஐந்து மணிக்கு எழுந்திருத்தல், ஐந்தரைக்கு இறக்கை அடித்தல், ஆறரைக்குத் தாவுதல். எழுத்து முத்து முத்தாக இருந்தது. எழுதிய களைப்பில் பத்து மணி வரை தூங்கிவிட்டான். மாலையில் மழை வந்து அட்டவணையை அழித்தது. மறுநாள் அதைவிட அழகாக இன்னொன்று எழுதினான். இப்படி மொத்தம் பதினான்கு அட்டவணைகள்!

அதுவும் சரிப்படவில்லை. அந்த நேரத்தில்தான் ஏரிக்கு ஒரு தவளை வந்து சேர்ந்தது. ஊர் ஊராகப் போய் ஊக்கப் பேச்சுப் பேசும் தவளை. தாமரை இலை மேல் ஏறி நின்றுகொண்டு, "எழுந்திரு! சிறகை விரி! உனக்குள்ளே ஒரு கழுகு தூங்குகிறது!" என்று கத்தும். அது ஒரு முழ உயரம்கூடப் பறந்ததில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

முதல் நாள் பேச்சில் பைவாயனுக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. இரண்டாம் நாள் கண்ணில் நீர் வந்தது. மூன்றாம் நாள் பேச்சைக் கேட்டு உணர்ச்சி மிகுந்துபோய்க் கிளையை விட்டு இறங்கி வந்தான். பக்கத்தில் பார்த்தபோது பேச்சாளர் கொழுகொழு என்று இருந்தார். பைவாயன் அவரை அப்படியே விழுங்கிவிட்டான்.

மூன்று பருவத்தில் அவனுக்கு உள்ளே போன ஊக்கம் அது ஒன்றுதான்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு காரியம் மட்டும் தவறாமல் நடந்தது. அதையும் அவன் விரும்பிச் செய்யவில்லை. வருகைப்பதிவு! பேராசிரியர் அரிவாள்மூக்கர் தினமும் காலையில் உச்சிக்கிளையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயர் வந்ததும் "உள்ளேன் ஐயா!" என்று கத்திப் பத்து முறை இறக்கை அடிக்க வேண்டும். ஒன்பது அடித்தால் ஆப்சென்ட். நூறு நாளில் எழுபத்தைந்து நாள் இல்லையென்றால் ஹால் டிக்கெட் கிடையாது.

பைவாயன் இதில் மட்டும் கில்லாடி. எழுபத்தைந்து நாள் வந்தான். எழுபத்தாறாவது நாள் வரவில்லை. வந்த நாளிலும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டே "உள்ளேன் ஐயா!" என்று கத்தி, எண்ணிப் பத்து அடித்துவிட்டு, பதினொன்றுக்கு முன்னால் தூங்கிவிடுவான்.

பங்குனி பாதியில் தேர்வு வந்தது. மரமே காலியானது. பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே கிளம்பின.

"பைவாயா, நீ வரலயா?" என்றார் அரிவாள்மூக்கர்.

"மூடு வரட்டும் ஐயா. வந்ததும் பின்னாலேயே வந்துடறேன்."

பேராசிரியர் இறக்கையை விரித்தார். "முப்பது வருஷமா நான் பாடம் நடத்தறேன். எனக்கே ஒரு நாளும் மூடு வந்ததில்ல!" என்று சொல்லிவிட்டுப் பறந்து போனார்.

தேர்வு பார்க்கக் காயலிலிருந்து வந்திருந்த அவனுடைய அம்மா போகும்போது மூன்று முறை திரும்பிப் பார்த்தாள். "கண்ணு, எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்டா!" என்றாள். ஈரத்துணி கடைசியாகக் கிளம்பினான். இரண்டு முறை இருமினான். போய்விட்டான்.

பைவாயனுக்கு அன்று வயிற்றில் என்னவோ செய்தது. ஆனால் ஏரி வற்ற வற்ற மீனெல்லாம் மரத்தடிக் குட்டையில் வந்து நெருக்கியடித்தன. கழுத்தை இறக்கி வாயைத் திறந்தால் போதும், மீன் தானாகவே உள்ளே விழுந்தது. வயிற்றில் செய்த 'என்னவோ' அதோடு சரியாகிவிட்டது.

அப்போதுதான் ஆள்காட்டிக் குருவி குட்டைக்குத் தண்ணீர் குடிக்க வந்தாள். கண்டதைக் கேட்டதை ஊருக்கே கூவிச் சொல்வது அவள் பரம்பரைத் தொழில்.

"என்னப்பா, தனியா உக்காந்திருக்கே? யாருக்காகக் காத்திருக்கே?" என்றாள்.

"மூடு வரணும் அக்கா."

ஆள்காட்டி படிக்காதவள். மூடு என்றால் அவளுக்கு யாரோ ஓர் ஆள். "யாருப்பா அவரு? சொந்தக்காரரா?"

பைவாயனுக்கு விளக்கிச் சொல்லவும் மூடு வரவில்லை. "அப்படித்தான் வச்சுக்கயேன்" என்றான்.

அவ்வளவுதான்! ஆள்காட்டி கரை முழுக்கக் கூவிக்கொண்டு போனாள். "மூடுன்னு ஒருத்தரு வரணுமாம்! அவரு வந்தாத்தான் பைவாயன் இடத்தை விட்டு எந்திரிப்பானாம்! அவரை யாராச்சும் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. கோரைப் புல்லுக்குள் படுத்திருந்த நரி மட்டும் ஒரு காதைத் தூக்கியது. 'யாருமே பார்த்ததில்லையா? அப்படியானால் சரி. அந்த வேலையை நாமே பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைத்தது.

சித்திரை பிறந்தது. ஏரி பாளம் பாளமாக வெடித்தது. ஒரு நாள் உச்சிவெயிலில் நரி மெல்ல நடந்து மரத்தடிக்கு வந்து சேர்ந்தது. வாலால் தரையைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தது.

"வணக்கம் தம்பி! பைவாயன்னு ஒரு மாணவர் இங்க இருக்காராமே?"

"நான்தான். நீங்க?"

"என்னைத் தெரியலயா? நீங்க மூணு பருவமா எதிர்பார்த்துக்கிட்டிருக்கிற ஆளு. நான்தான் மூடு!"

பைவாயன் நரியை இதுவரை கரையில் ஒரு புள்ளியாகத்தான் பார்த்திருந்தான். மூடையோ எப்படியும் பார்த்ததே இல்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தான். நம்பிவிட்டான்.

"இவ்வளவு நாளா எங்க சார் போயிருந்தீங்க?"

"வழியெல்லாம் தண்ணி தம்பி. எனக்கு நீச்சல் வராது. ஆனா ஒரு நாள்கூட உங்களை நினைக்காம இருந்ததில்ல!" அன்று நரி மனசாரச் சொன்னது இது ஒன்றுதான்.

"அப்ப இப்பவே ஆரம்பிச்சுடலாமா சார்?"

"ஆரம்பிச்சுடலாம். முதல்ல கீழ்க்கிளைக்கு வாங்க. மேல இருக்கிறவங்களுக்கு நான் ஏற மாட்டேன்."

பைவாயன் தத்தித் தத்திக் கீழ்க்கிளைக்கு வந்தான். நரி நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டது.

"முதல் பாடம். கண்ணை மூடு!"

மூடினான்.

"ரெண்டாவது பாடம். வாயை மூடு!"

மூடினான். "ஓ! அதனாலதான் உங்களுக்கு அந்தப் பேரா சார்?" என்று மூடிய வாய்க்குள்ளேயே கேட்டான்.

"கெட்டிக்காரப் புள்ள!"

அப்போது கடமுட என்று ஒரு சத்தம் கேட்டது. "என்ன சார் அது?"

"உத்வேகம் தம்பி. உள்ள கொதிக்குது" என்றது நரி. இரண்டு நாளாகக் காய்ந்த வயிறு, பாவம்.

நரி பின்னங்காலைத் தரையில் ஊன்றியது. இவன் நிஜமாகவே கண்ணை மூடியிருக்கிறானா, இல்லை ஓரக்கண்ணால் பார்க்கிறானா? சோதித்துப் பார்க்க நினைத்தது. பாவி நரி, இந்த ஒரு இடத்தில்தான் அதிகமாகப் புத்தியைச் செலவழித்துவிட்டது. குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "பைவாயன்!" என்று கூப்பிட்டது. கண் திறக்கவில்லை. பாய்ந்தது.

"உள்ளேன் ஐயா!"

பைவாயன் நினைத்துச் சொல்லவில்லை. கண் மூடியிருந்தது. பெயர் காதில் விழுந்தது. எழுபத்தைந்து நாள் பழகிய வாய் தானாகக் கத்தியது. எழுபத்தைந்து நாள் பழகிய இறக்கை தானாக விரிந்து அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று! நரியின் வாயில் மாட்டியது வால் இறகு மட்டும்.

பைவாயன் கண்ணைத் திறந்தான். கீழே கிளை இல்லை. மரம் இல்லை. வாய் நிறைய இறகோடு மூடு நின்றுகொண்டிருந்தார். பாவம், அவரால் வாயை மூட முடியவில்லை!

பத்து முடிந்தது. பதினொன்று? பதினொன்றை அவன் ஒரு நாளும் அடித்ததே இல்லை! இறக்கை நின்றது. உடம்பு கல் மாதிரிக் கீழே இறங்கியது. நரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தது.

மூடைக் கூப்பிட நேரமில்லை. அவர் கீழேதான் இருந்தார். பைவாயன் தன் பெயரைத் தானே கூப்பிட்டான். "பைவாயன்! உள்ளேன் ஐயா!" பத்து அடித்தான். மறுபடியும், "பைவாயன்! உள்ளேன் ஐயா!" இன்னொரு பத்து. வயலில் வேலை செய்தவர்களெல்லாம் நெற்றிக்கு மேல் கை வைத்து நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு கூழைக்கடா தனக்குத் தானே ஆஜர் சொல்லிக்கொண்டு கிழக்கே போனது!

நாலு கல் தூரத்தில் சரியாக மூன்று கல் பறந்தான். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு வாய்க்கால் சேற்றில் பொத்தென்று விழுந்தான். எழுபத்தைந்து சதவீத வருகைக்கு எழுபத்தைந்து சதவீதப் பறப்பு. இயற்கைக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். நரி முதல் கல்லிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. கடைசிக் கல்லைப் பைவாயன் வாய்க்காலோரமாக நடந்தே கடந்தான். கூழைக்கடாவின் நடையைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று புரியும்.

மாலை வெயிலில், சேறு பூசி, வால் இல்லாமல், காயல் கரையில் வந்து நின்றான். அம்மா ஓடி வந்தாள். சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, "கடலுக்குப் போயிட்டுத்தான் திரும்பி வர்றான்!" என்றாள். யாரும் நம்பவில்லை. அவளும்தான்.

அரிவாள்மூக்கர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்னடா, மூடு வந்துச்சா?"

"வந்துச்சு ஐயா."

"அட! அப்ப மூட்லதான் பறந்து வந்தியா?"

"இல்ல ஐயா" என்றான் பைவாயன். "அட்டென்டன்ஸ்ல பறந்து வந்தேன்."

அடுத்த ஆண்டு கடம்பேரிக்குப் புதுக் குஞ்சுகள் படிக்க வந்தன. வாலில்லாத ஒரு சீனியர் தினமும் காலையில் நாலு கல் பறந்து வந்து, யாரும் கூப்பிடாமலே "உள்ளேன் ஐயா!" என்று கத்திப் பதினோரு முறை இறக்கை அடிப்பதைப் பார்த்து அவை சிரித்தன.

"அண்ணே, எங்களுக்கு இன்னும் மூடு வரலண்ணே! அவரு எப்படி இருப்பாரு?" என்றது ஒரு குறும்புக் குஞ்சு.

"நாலு காலு, நிறையப் பல்லு. ரொம்ப மரியாதையாப் பேசுவாரு" என்றான் பைவாயன். "அவரு வந்து சேர்றதுக்குள்ள நீ கெளம்பிரு!"

மூடு வரட்டும் என்று காத்திருப்பவனைத் தேடி யாராவது ஒருவர் அந்தப் பெயரில் வந்தே தீருவார். அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போவது மூடு வராத நாளில் அவன் அடித்த இறக்கை மட்டும்தான்.