சுவர் இல்லாத கதவு

குணாளனின் வீட்டில் இரண்டே அறைகள். நடுச்சுவரை எடுத்துவிட்டால் வீடு பெரிதாகிவிடும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மனைவி செங்கமலத்துக்கு ஒரே கவலைதான்.

"கோபம் வந்தா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்குவேன். இனிமே எங்கே போவேன்?"

"இனிமே உனக்குக் கோபமே வராது. அதுக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தார் குணாளன்.

கொத்தனார் மாசாணம் ஒரே நாளில் சுவரை இடித்தார். ஆனால் கதவையும் நிலையையும் தொடவில்லை. "நிலையைக் கழற்ற நாள் பார்க்கணும். இன்னைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. மறுநாள் எடுத்துடறேன்" என்று கம்புகளை முட்டுக் கொடுத்தார். நடுவீட்டில் கதவு மட்டும் தனியாக நின்றது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குச் செங்கமலத்தின் பெற்றோர் பெரிதாகிவிட்ட வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. பதினொரு மணிக்கு, இடித்த சுவரோரம் இருந்த பீரோவை இனி எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது.

"உன் புடவையைப் பாதியாக் குறைச்சா பீரோவே வேண்டாமே!" என்றார் குணாளன்.

செங்கமலம் எழுந்தாள். கதவைத் திறந்து அந்தப் பக்கம் போனாள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்தாள். நடுவில் தாகம் எடுத்தது. தாழ்ப்பாளை நீக்கி, கதவு வழியே வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, கதவு வழியே திரும்பிப் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

மணி பதினொன்றே முக்கால். மாமனார் வந்து கேட்டால் என்ன சொல்வது? குணாளன் வாசலையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

செங்கல் அள்ளிக்கொண்டிருந்த மாசாணம் நின்ற இடத்திலிருந்தே, "சுவரே இல்லையேம்மா, எழுந்து வாங்க" என்று கூப்பிட்டார்.

உதவிக்கு வந்திருந்த குணாளனின் தங்கை பாகீரதி, காபியோடு கதவைச் சுற்றிக்கொண்டு போனாள். "அண்ணி, அண்ணன் பேசறதெல்லாம் ஒரு பேச்சா? குடிங்க."

குணாளன் கதவின் முன் நின்று மூன்று முறை தட்டினார். "இல்லாத சுவருக்கு இவ்வளவு மரியாதையா!" என்று சிரித்தார் மாசாணம்.

செங்கமலம் எழுந்தாள். மூவரில் யாருக்காக எழுந்தாள்? யார் செய்தது சரி?

விடை: தட்டியவர் செய்ததே சரி. தாகத்துக்குக்கூட அவள் சுற்றி வரவில்லை. கதவு வழியேதான் வந்து போனாள். மற்றவர்களுக்குத்தான் சுவர் இடிந்திருந்தது, அவளுக்கு இல்லை. "யாரது?" என்று கேட்டாள். "நான்தான்." "நான்தான்னா?" "புடவையைக் குறைக்கச் சொன்ன முட்டாள்." தாழ்ப்பாள் திறந்தது. அப்போது வாசலில் மாமனாரின் குரல் கேட்டது.

தசமியன்று நிலையைக் கழற்ற வந்த மாசாணத்தைச் செங்கமலம் திருப்பி அனுப்பிவிட்டாள். அன்றைக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் தாழிட்டு உட்கார்ந்திருந்தவர் குணாளன்.