சிலம்பாயியும் குரல் திருடிய மந்திரவாதியும்

ஆறுகளெல்லாம் கரை முட்ட ஓடிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. பறவைகளுக்குப் பேச்சு வந்த காலம் என்றும் வைத்துக்கொள்ளுங்களேன். அந்தக் காலத்தில், மேற்கே மலையில் பிறந்து கிழக்கே கடலில் சேருகிற நெடுநல்லி என்று ஓர் ஆறு. அதன் இரண்டு கரையிலும் எத்தனையோ ராஜாக்கள் கோட்டை கட்டினார்கள், கொடி பறக்கவிட்டார்கள், போய்ச் சேர்ந்தார்கள். கோட்டையும் இடிந்தது, கொடியும் கிழிந்தது. ஆறு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த ஆறு கடலைத் தொடுகிற இடத்தில் சங்குத்துறை என்று ஓர் ஊர். அங்கே சிலம்பாயி என்று ஒரு பெண் இருந்தாள். தகப்பன் விட்டுப்போன பாய்த்தோணி ஒன்று அவளுக்குச் சொந்தம். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று மூக்கை நீட்டியே சொல்லிவிடுவாள். புருஷன் கடம்பன் வலை பின்னுகிறவன். கல்யாணமாகி ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. அவள் தோணியைக் கிளப்பினால் அவன் துறையில் நின்று, "சிலம்பு, பார்த்துப் போ!" என்று கத்துவான். அவள் கேட்டுச் சிரித்துக்கொண்டே போவாள்.

ஒருநாள் அவள் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் தோணியில் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. நடு ஆற்றில் போகும்போது கரையிலிருந்து ஒரு குரல்.

"ஏ தோணிக்காரி! திருப்பு தோணியை! நான் உடனே போகவேண்டும்!"

பார்த்தால் மந்திரவாதி ஊமத்தன். ஆற்றின் தலைமாட்டில், மலைமேல் இருக்கிறவன். அவன் பேரைச் சொன்னாலே ஊரில் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

"ஐயா, இந்தப் பெண்ணை இறக்கிவிட்டு ஓடி வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்!" என்றாள் சிலம்பாயி.

"என்னைக் காக்கவைக்கிறாயா? என்னைவிட இவள் பெரிதா?"

"இன்றைக்கு இவள்தான் ஐயா பெரிசு."

ஊமத்தனுக்குக் கண் சிவந்தது. ஒரு பிடி ஆற்றுமணலை அள்ளினான். தண்ணீரில் வீசினான். சொன்னான்:

"பாய் மறைந்தால் முகம் மறையும்! முகம் மறைந்தால் பேர் மறையும்!"

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டான். சிலம்பாயி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்ணைத் தாய்வீட்டில் சேர்த்தாள், குழந்தை அழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, சந்தோஷமாகத் தோணியைத் திருப்பினாள்.

துறையில் கடம்பன் வலையை உதறிக்கொண்டிருந்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான். மரியாதையாக எழுந்து நின்றான்.

"யாரம்மா நீங்கள்? எந்த ஊர்?"

"விளையாடாதே, பசிக்கிறது," என்றாள் அவள்.

"ஐயோ பாவம். உட்காருங்கள், கஞ்சி இருக்கிறது. எங்கள் வீட்டில் நான் ஒருத்தன்தான். பெண்பிள்ளை யாரும் இல்லை, தப்பாக நினைக்காதீர்கள்."

அவள் கையால் மெழுகிய வீடு. அவள் கையால் வனைந்த அடுப்பு. அந்த வாசலிலே அந்நியாளாக உட்கார்ந்து அவன் ஊற்றிய கஞ்சியைக் குடித்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்து, "யாரப்பா இது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அப்புறம் எத்தனையோ தரம் முயன்று பார்த்தாள். அழுது சொன்னாள், சண்டை போட்டுச் சொன்னாள், அவன் முதுகிலுள்ள மச்சத்தைக்கூடச் சொன்னாள். கேட்கும்போது கடம்பன் நம்பத் தொடங்குவான். ஒரு நடை தோணியில் போய்வந்தால் மறுபடியும், "யாரம்மா நீங்கள்?" தோணியை விட்டால் பிழைப்பு இல்லை. தோணியில் போனால் பேர் இல்லை.

ஒருநாள் காலையில் ஆற்று நாணலில் ஒரு கூழைக்கடா சிக்கிக் கிடந்தது. காலில் வலைநூல் சுற்றியிருந்தது. சிலம்பாயி நூலை அறுத்துவிட்டாள். அது இறக்கையை உதறிக்கொண்டு அவளைப் பார்த்தது.

"நீ சிலம்பாயி அல்லவா?"

தன் பேரை அடுத்தவர் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள்.

"மந்திரம் மனுஷருக்குத்தான், பறவைக்கு இல்லை," என்றது கூழைக்கடா. "ஆறு பிறக்கிற இடத்தில் ஊமத்தன் ஒரு ஏரி கட்டி வைத்திருக்கிறான். உன் பேர் அங்கேதான் அடைபட்டுக் கிடக்கிறது. போ. ஆனால் துடுப்புப் போடாதே, கழி ஊன்றாதே, கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்காதே. துடுப்பு தண்ணீரைத் தட்டினால் மலைமேல் அவனுக்குக் கேட்கும். வழியை மறைத்துவிடுவான். பாய்க்கு மட்டும்தான் சத்தம் கிடையாது. காற்று அடித்தால் போ. அடிக்காவிட்டால் இரு."

"நீயும் என்னோடு வாயேன்," என்றாள் சிலம்பாயி.

"எனக்குக் குஞ்சுகள் இருக்கின்றன," என்று சொல்லிப் பறந்துபோயிற்று.

சிலம்பாயி பாயை விரித்தாள். துறையில் கடம்பன் நின்றான். யாரோ ஒருத்தி போகிறாள் என்று பார்த்தான். மறுபடியும் வலையை உதறப் போய்விட்டான்.

கடற்காற்று மதியத்தில் எழும்பும், பொழுது சாயும்போது அடங்கும். அது அடிக்கிற அளவுக்குத் தோணி நகரும். அடங்கினால் கரையோரம் நங்கூரக் கல்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். நாணல் அசைகிறதா என்று பார்ப்பாள். அசையாது. தானே சமைத்து, தானே உண்டு, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு மறுபடியும் நாணலைப் பார்ப்பாள். தன் பேர் தனக்கே மறந்துவிடுமோ என்று பயம் வந்துவிட்டது. தினமும் தண்ணீரைப் பார்த்து, "சிலம்பாயி" என்று ஒரு தரம் சொல்லிக்கொள்வாள்.

முதலில் யானைத்துறை வந்தது. பழைய ராஜா ஒருவர் யானைகளைக் குளிப்பாட்டிய இடம். கல் யானை ஒன்று பாதி மணலில் புதைந்து கிடந்தது. ஆற்று நடுத்திட்டில் ஒரு கல்யாணக் கூட்டம் மாட்டிக்கொண்டு கத்தியது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சிலம்பாயி பாயைத் திருப்பித் திருப்பி, நடை நடையாக எல்லோரையும் கரை சேர்த்தாள். மணப்பெண் தன் தலையிலிருந்த மல்லிகையில் பாதியைக் கிள்ளி அவளுக்கு வைத்துவிட்டாள்.

"அக்கா, உங்களை மறக்கவே மாட்டோம்!"

வளைவு திரும்பியதும் காற்று நின்றுபோயிற்று. நீரோட்டம் தோணியைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்து விட்டது. அதே மணப்பெண் கரையில் நின்றாள்.

"எந்த ஊர் அக்கா நீங்கள்? உங்கள் ஊரிலும் கல்யாணமா? பூவெல்லாம் வைத்திருக்கிறீர்களே!"

"ஆமாம் தங்கச்சி," என்றாள் சிலம்பாயி. வேறென்ன சொல்வாள்?

அடுத்து களஞ்சியத்துறை. இன்னொரு ராஜா நெல் குவித்த களஞ்சியங்கள் கூரையில்லாமல் வரிசையாக நின்றன. அங்கே ஒரு தாய், காய்ச்சலில் கிடந்த மகளை வைத்தியரிடம் சேர்க்க வழியில்லாமல் தவித்தாள். சிலம்பாயி சேர்த்தாள். காய்ச்சல் இறங்கும்வரை கூடவே இருந்து நெற்றியில் துணி போட்டாள். "உன்னை மறக்கவே மாட்டேன் தாயி," என்று அந்தத் தாய் காலில் விழப்போனாள். சிலம்பாயி அவளைத் தூக்கி நிறுத்தினாள். இந்தத் தடவை திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அதற்கும் மேலே ஊரே கிடையாது. கடைசி ராஜாவின் கோட்டைச் சுவரில் ஆல் முளைத்திருந்தது. அங்கே ஆடு மேய்க்கும் மொக்கையன் ஒருவன்தான். அவனுடைய சினையாடு ஆற்றுச் சேற்றில் அமிழ்ந்துகொண்டிருந்தது. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். ஆடு வந்ததும் அவன் வேறோர் ஆட்டில் பால் கறந்து கொடுத்தான்.

"உன் பேரென்ன தங்கச்சி? மறக்காமல் வைத்துக்கொள்கிறேன்."

"பேர் எதற்கு அண்ணே. பால் நன்றாக இருக்கிறது."

காற்று வந்தது. போனாள்.

எத்தனை நாள் போனாளோ, ஒருநாள் ஆறு குறுகி, மலை முன்னே வந்து நின்றது. பெரிய மரப்பலகையால் ஒரு மதகு. அதற்கு மேலே ஏரி. ஏரி முழுக்க, அரக்கு வைத்து வாய் அடைத்த சின்னச் சின்னப் பானைகள் மிதந்தன. கரையில் ஊமத்தன் உட்கார்ந்திருந்தான்.

"சத்தமே இல்லாமல் வந்துவிட்டாயே!" என்றான். "கெட்டிக்காரிதான். போகட்டும். ஒரு பானை எடுத்துக்கொள். ஒன்றே ஒன்று. ஓடிப்போ."

சிலம்பாயி தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு பானையாகக் காதில் வைத்துப் பார்த்தாள். ஒரு பானைக்குள் ஒரு கிழவி, "ராசப்பா, சாப்பிட வாடா," என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பானைக்குள் குழந்தை, "அம்மா, அம்மா," என்றது. இன்னொன்றை எடுத்தாள்.

"சிலம்பு, பார்த்துப் போ!"

கடம்பன் குரல். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். போயிருக்கலாம். காலை எடுத்து வைத்தும்விட்டாள். ஆனால் அந்தக் குழந்தை பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"மற்றவர்களெல்லாம்?" என்று கேட்டாள்.

"அவர்களுக்கென்ன, இங்கேதான் இருப்பார்கள். பொழுது போனால் நான் எடுத்துக் கேட்பேன். என்னை யார் கூப்பிடுகிறார்கள்? அடுத்தவனைக் கூப்பிடுகிற குரலையாவது கேட்கிறேன்."

சிலம்பாயி தன் பானையை மெல்ல மறுபடியும் தண்ணீரில் விட்டாள். மூக்கை நீட்டிப் பார்த்தாள். மலைக்காற்று இறங்கத் தொடங்கியிருந்தது.

"நிதானமாக யோசித்து எடுக்கிறேன் ஐயா. தோணி இழுத்துக்கொண்டு போய்விடும் போலிருக்கிறது. இந்தப் பலகையில் கட்டிக்கொள்ளட்டுமா?"

"கட்டிக்கொள்."

"பாய் நனைந்திருக்கிறது. விரித்துக் காயப்போடட்டுமா?"

"போட்டுக்கொள், போட்டுக்கொள்," என்றான் ஊமத்தன். அவன் ஒரு பானையைக் காதில் வைத்துக்கொண்டிருந்தான்.

அவள் மதகுப் பலகையில் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். பாயை முழுக்க ஏற்றினாள். மலைக்காற்று பாயில் மோதியது. கயிறு விறைத்தது. பாய் கிழியத் தொடங்கியது. "இன்னும் கொஞ்சம்," என்றாள் சிலம்பாயி, காற்றிடமோ பாயிடமோ. பலகை முனகியது, அசைந்தது, பிடுங்கிக்கொண்டு வந்தது!

ஏரி முழுக்க ஆற்றில் பாய்ந்தது. பானைகள் பாறையில் மோதி உடைந்தன. ஒவ்வொன்றும் உடையும்போது ஒரு குரல் வெளியே வந்து, "ராசப்பா!" "அம்மா!" "சிலம்பு!" என்று காற்றில் ஏறி, வீட்டைத் தேடிக் கீழே பறந்தது. ஊமத்தன் கையிலிருந்த பானையும் வெடித்துவிட்டது. அவன் கண்ணின் சிவப்பு போயிற்று. சடை வெளுத்தது. வெறும் கிழவனாக, காலியான ஏரிக்கரையில் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"ஏறுங்கள் ஐயா," என்றாள் சிலம்பாயி, கரையோரம் ஒதுங்கிய தோணியிலிருந்து.

"என்னையா? நான் உனக்குச் செய்ததெல்லாம்..."

"தனியாக இருந்து பார்த்துவிட்டேன். அது யாருக்கும் வேண்டாம். ஏறுங்கள்."

பாய் கந்தலாகிவிட்டது. நீரோட்டம் தோணியை இறக்கிக்கொண்டு போயிற்று. மொக்கையனுடைய கரை வந்ததும் அவன், "தங்கச்சி!" என்று கையை வீசிக்கொண்டு ஓடிவந்தான். ஆடு குட்டி போட்டிருந்தது. குட்டி ஒன்று தண்ணீரை நோக்கி ஓட, அவன் தோணியிலிருந்த கிழவனைப் பார்த்து, "பெரியப்பா, அதைப் பிடி, பிடி!" என்று கத்தினான். ஊமத்தன் குதித்துப் போய்ப் பிடித்தான். குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இவன் என்னைக் கூப்பிட்டான்," என்றான். அங்கேயே தங்கிவிட்டான். மந்திரம் பிறகு அவன் வாயில் வரவே இல்லை.

களஞ்சியத்துறையில் அந்தத் தாய் தன் பட்டுத் துண்டைக் கிழித்துக் கொடுத்தாள். யானைத்துறை மணப்பெண் கூறைச் சேலையையே கொண்டுவந்தாள். துறைக்குத் துறை ஆட்கள் வந்தார்கள், ஆளுக்கொரு துணி தந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால், எந்த ராஜாவின் கப்பலுக்கும் இல்லாத ஒரு பாய்! அந்தப் பாயை விரித்துக்கொண்டு, நிற்காமல், அந்தி வெயிலில் சங்குத்துறை வந்து சேர்ந்தாள்.

கடம்பன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். வருகிற போகிற தோணியையெல்லாம் பார்த்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது அவனுக்கு.

"சிலம்பு!"

அவளுக்கு நன்றாகக் கேட்டது. ஆனாலும் கேட்காதவள் போல, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, சுக்கானைப் பிடித்தபடியே இருந்தாள்.

இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று.

கூப்பிட்டான். அதற்கப்புறம் அவர்கள் இருவரும் ஆயுசு முழுக்கச் சேர்ந்தே தோணி விட்டார்கள். தோணி துறை சேர்ந்தது, கதையும் கரை சேர்ந்தது.