சீம்பாலும் செவலையின் பேச்சும்

மாடுகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மேய்ச்சல் காட்டு ஓரத்தில் காராயி என்றொருத்தி தனியாக இருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பேச்சுத்துணைக்குச் செவலை என்ற பசு மட்டும்தான். பொழுது சாய்ந்தால் இருவரும் பேச உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்நாளில் ஒரு வழக்கம் இருந்தது. மாடு கன்று ஈன்றால், நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடமாட்டார்கள். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி, எருக்கஞ்செடிக்கு ஊற்றிவிடுவார்கள். யார் சொன்னது என்று கேட்டால் ஊர் சொன்னது என்பார்கள். ஊரில் யார் என்று கேட்டால் முறைப்பார்கள். எருக்கஞ்செடிகள் கொழுத்தன, கன்றுகள் கழிந்து கழிந்து செத்தன.

செவலையின் தலைச்சன் கன்றும் அப்படித்தான் போயிற்று. அடுத்த கன்று விழுந்ததும் செவலை கெஞ்சியது.

"காராயி, அது என் புள்ளைக்குன்னு சுரந்த பாலு. அதுக்கே குடுத்துடு."

"கொடி விழட்டும் செவலை. ஊரு வழக்கத்த நான் ஒருத்தி மீறினா, நாளைக்கு ஒண்ணுன்னா எனக்கு யாரு வருவாங்க?"

"இப்ப மட்டும் யாரு வராங்க?"

காராயிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் செம்பை எடுத்துப் பீய்ச்சி, செடியில் ஊற்றினாள். கொடி விழுவதற்குள் கன்று துவண்டுவிட்டது. மறுநாள் அது எழவே இல்லை.

அன்றோடு செவலை பேச்சை நிறுத்திக்கொண்டது. காராயி தவிடு வைத்தாள், கழுத்தைச் சொறிந்தாள், தப்புத்தான் என்று அழுதாள். செவலை தின்றது, அசைபோட்டது, பேசவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஊரிலிருந்த மற்ற மாடுகளும் செவலையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டன.

செவலை மறுபடி சினையாகி ஈன்றது. கொடி இன்னும் விழவில்லை. காராயி ஊர் இருக்கும் திசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஈரக் கன்றைத் தூக்கிக்கொண்டுபோய்க் காம்பை அதன் வாயில் வைத்தாள். மஞ்சள் பால் கடைவாயில் வழிய வழியக் குடித்த கன்று பிழைத்துக்கொண்டது. வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளவும் துள்ளியது.

"இப்பவாச்சும் பேசு புள்ள," என்றாள் காராயி.

செவலை கன்றை நக்கியது. "அம்மா" என்று அதைத்தான் கூப்பிட்டது. காராயியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

துள்ளும் கன்றைப் பார்த்த ஊரும் எருக்கஞ்செடியை மறந்தது. கன்று விழுந்ததும் கொடிக்குக் காத்திராமல் சீம்பால் ஊட்டுவது அன்று முதல்தான். பால் கறக்க உட்காருகிறவர்கள் மாட்டோடு ஏதாவது பேசிக்கொண்டே இருப்பதும், நடுவில் கொஞ்சம் நிறுத்தி அதன் முகத்தைப் பார்ப்பதும் அன்று முதல்தான்.