திரும்பி வராத காற்று

பொன்னம்பலவாணன் ஐம்பத்திரண்டு வயதில் பள்ளி வேலையை விட்டுவிட்டு, பேராசிரியர் ஹாஜிராவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியை அவரைவிட நான்கு வயது இளையவர்.

நம் பால்வெளிக்குப் பக்கத்து விண்மீன் திரள் ஒன்றில் நட்சத்திரங்கள் அடுத்தடுத்து வெடிக்கின்றன. அந்த வெடிப்புகள் சேர்ந்து, திரளுக்குள் இருக்கும் வாயுவைப் பெருங்காற்றாக மேலே தள்ளுகின்றன. அந்தக் காற்று வேகம் குறைந்து மறுபடி உள்ளேயே விழுந்துவிடும் என்று ஹாஜிரா இருபது வருடங்களுக்கு முன் கணக்கிட்டுச் சொன்னார். எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கட்டுரையைப் படித்துத்தான் பொன்னம்பலவாணன் அவரைத் தேடி வந்தார்.

மூன்றாவது வருடம் பொன்னம்பலவாணனும் அதே காற்றை அளந்தார். ஹாஜிரா அளந்தது குளிர்ந்த வாயுவை. சூடான வாயுவைப் பார்க்க அன்று நல்ல கருவி இல்லை. இப்போது இருந்தது. சூடான வாயு பல மடங்கு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அது திரும்பாது.

வரைபடம் தயாராகவில்லை என்று சொல்லி ஒரு மாதம் ஓட்டினார்.

ஒரு மதியம் ஹாஜிரா அவர் அறைக்கு வந்தார். மேசையில் கவிழ்த்து வைத்திருந்த தாளைத் திருப்பினார். நின்றபடியே நெடுநேரம் பார்த்தார்.

"எத்தனை நாளா இது உங்ககிட்ட இருக்கு, சார்?"

"ஒரு மாசமா, மேடம்."

"ஏன் காட்டலை?"

"உங்க கணக்கு தப்புன்னு எழுதக் கை வரலை."

ஹாஜிரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு புள்ளியாக விசாரித்தார். மாலைவரை பிழை எதுவும் அகப்படவில்லை. இருந்தாலும் ஒரு முறை அளந்தது போதாது என்றார்.

விண்வெளித் தொலைநோக்கி ஒன்றில் ஹாஜிராவுக்கு முப்பது மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். வேறோர் ஆய்வுக்காக இரண்டு வருடம் காத்திருந்து வாங்கியது. அதை அப்படியே இந்தத் திரளைப் பார்க்க மாற்றித் தரும்படி அன்றே கடிதம் எழுதினார்.

ஆறு மாதம் கழித்து வந்த அளவும் அதையே சொன்னது.

புதிய முடிவைச் சொல்லிப் பொன்னம்பலவாணன் கட்டுரை எழுதினார். எழுதியவர் பட்டியலில் தன் பெயர் வேண்டாம் என்றார் ஹாஜிரா. கட்டுரையில் ஒரே ஒரு திருத்தம் செய்தார். 'முந்தைய சில ஆய்வுகள் தவறு' என்று பொன்னம்பலவாணன் பூசி மெழுகியிருந்ததை அடித்துவிட்டு, அந்த இடத்தில் தன் பெயரைப் போட்டு, 'ஹாஜிராவின் கணக்கு தவறு' என்று எழுதினார்.

அதைப் பார்த்த பொன்னம்பலவாணன், உங்களுக்கு வருத்தமே இல்லையா என்று கேட்டார்.

"இருபது வருஷமா அந்தக் காத்தை நான் வெளிய விடாம வெச்சிருந்தேன், சார்," என்றார் ஹாஜிரா. "அது பாட்டுக்குப் போயிக்கிட்டேதான் இருந்திருக்கு."