சுயம்பு கேட்ட ஆரஞ்சு நிறம்

தூத்துக்குடியில் பழைய காருக்குப் புதுக்களை ஏற்ற வேண்டுமென்றால் மரியசெல்வத்தின் பட்டறைக்குத்தான் போவார்கள். பம்பர், கைப்பிடி, சக்கர மூடி என்று கழற்றி வைத்து அவன் ஸ்பிரே அடிப்பான். பெயிண்ட் படக்கூடாத இடங்களில் காகிதமும் டேப்பும் ஒட்டுவது அவன் மனைவி ஸ்டெல்லாவின் வேலை.

ஒரு திங்கட்கிழமை காலை, சவாரி ஓட்டும் சுயம்பு தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். மனைவி இறந்த பிறகு அந்தக் காரை நம்பியே மகள் சந்தனமாரியைப் படிக்க வைத்தவர்.

“செல்வம், சைடு கண்ணாடிக் கூடு ரெண்டு, முன் பம்பர் முனை ரெண்டு. நல்லாக் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு அடிச்சுக் கொடு.”

“உங்க வயசுக்கா அண்ணாச்சி?” என்று மரியசெல்வம் சிரித்தான்.

“இப்ப இதாம்டே ஸ்டைலு.”

கலர் அட்டையைக் கொடுத்தான். அவர் அதை முகத்தருகே கொண்டுபோய், தலையை ஒருபக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நகர்ந்தவர், இடப்பக்கம் கழற்றிச் சாய்த்து வைத்திருந்த கார்க் கதவில் போய் முட்டிக்கொண்டார். பட்டப்பகல், கதவோ ரத்தச் சிவப்பு. மரியசெல்வத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

“அண்ணாச்சி, கண்ணு…”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு முதல்ல வாக்குக் கொடு.”

பெரியவர் கை நீட்டிக் கேட்கிறாரே என்று யோசிக்காமல் கையில் அடித்துக் கொடுத்தான்.

“இடது ஓரம் இருட்டிட்டே வருது. டாக்டர் வண்டியைத் தொடக்கூடாதுங்காரு. முனையில பளிச்சுன்னு கலர் இருந்தா வண்டி எதுவரைக்கும் இருக்குன்னு தெரியும்லா? மாரிக்குக் கல்யாணம் முடியட்டும். நானே விட்டுருதேன்.”

அவர் போன பிறகு மரியசெல்வத்துக்குச் சோறு இறங்கவில்லை. காரைக் கொடுத்தால் யாராவது சக்கரத்தில் மாட்டுவார்கள். சொன்னால் வாக்குப் போய்விடும். எனவே வேலையை இழுத்தடித்தான். அவர் போன் செய்தபோதெல்லாம், கலர் வரவில்லை என்றான், முதல் கோட் சரியாகப் பிடிக்கவில்லை என்றான். பொய் சொல்லிச் சொல்லி, போன் அடித்தாலே எடுக்கத் தயங்கினான்.

“சனிக்கிழமை திருச்செந்தூர் சவாரி. பெயிண்ட் இருந்தாலும் இல்லாட்டாலும் வண்டியை எடுக்க வருவேன்” என்றார் சுயம்பு.

திங்கட்கிழமை சுயம்பு வாக்கு வாங்கியபோது, காருக்கு மறுபக்கம் உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“மாரிகிட்ட சொல்லிருவோம்.”

“நான் வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“நீங்கதான கொடுத்தீங்க? நான் கொடுக்கலையே.”

“ரெண்டும் ஒண்ணுதான். வாயைத் திறக்காத!”

வெள்ளிக்கிழமை வேறு வழி தெரியாமல் அவன் ஆரஞ்சு அடித்து முடித்தான். அதே நேரத்தில் ஸ்டெல்லா, சந்தனமாரி வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் நின்று விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவனுக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை தகப்பனும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். சுயம்பு பம்பரைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தார். சந்தனமாரியின் முகத்தில் சிரிப்பே இல்லை.

“அப்பா, பஜார் வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க. அண்ணே, நீங்களும் ஏறுங்க” என்றாள்.

மறுக்கக் காரணம் தேடி, கிடைக்காமல், மரியசெல்வம் பின்சீட்டில் ஏறினான். அவள் அப்பாவின் இடப்பக்கம் உட்கார்ந்தாள். அவள் கை ஹேண்ட்பிரேக்கின் மேலேயே இருப்பதைப் பார்த்ததும், அவளுக்கும் விஷயம் தெரியும் என்று அவனுக்குப் புரிந்தது.

முதல் தெரு தாண்டியது. இரண்டாவது தெருவில், இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வெளியே வந்தாள். சுயம்பு வேகத்தைக் குறைக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“அண்ணாச்சி, இடது பக்கம்!” என்று மரியசெல்வம் அலறினான். சந்தனமாரி பிரேக்கை இழுத்தாள். கார் குலுங்கி நின்றது. சைக்கிளுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அந்தப் பெண் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனாள்.

“எங்கிருந்து வந்தா?” என்று கேட்டார் சுயம்பு. அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மாரி, உனக்கும் தெரிஞ்சு போச்சு, இல்லியா?”

“ஸ்டெல்லாக்கா சொன்னாங்கப்பா. வாயால சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. உங்களுக்கே தெரியட்டும்னுதான் ஓட்டச் சொன்னேன்.”

சுயம்பு எஞ்சினை அணைத்து, சாவியை மகள் கையில் வைத்தார். இறங்கும்போது பின்பக்கம் திரும்பி, “உன்னைய நம்புனேன்டே” என்றார். நான் சொல்லவில்லை என்று மரியசெல்வம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் நடந்துவிட்டார்.

பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. காருக்கு வேறு டிரைவர் போட்டாயிற்று. பட்டறைப் பக்கமும் அவர் வருவதில்லை.

வாக்குக்குக் கட்டுப்பட்டு நாளைக் கடத்திய மரியசெல்வம், கணவன் தடுத்தும் போய்ச் சொன்ன ஸ்டெல்லா, அப்பாவே உணரட்டும் என்று அவரை ஓட்டவிட்ட சந்தனமாரி: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சந்தனமாரி நினைத்தது நடந்தது, ஆனால் அதற்காக ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் உயிரைப் பணயம் வைத்துவிட்டாள். மரியசெல்வம் தன் வாக்கைக் காப்பாற்றினானே தவிர, தெருவில் போகிறவர்களைக் காப்பாற்றவில்லை. ஓட்டக்கூடாது என்று சுயம்புவின் முகத்துக்கு நேரே சொல்ல எந்த வாக்கும் அவனைத் தடுக்கவில்லை. ஸ்டெல்லா யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, யார் உயிரோடும் விளையாடவில்லை. அவள் செய்ததே சரி. மறுநாள் கோயிலிலிருந்து திரும்பும் வழியில் மரியசெல்வம் இதை அவளிடம் ஒத்துக்கொண்டான். “என்கிட்ட சொல்லி என்ன? வண்டி ஓட்டாதீங்கன்னு அன்னைக்கே நேர்ல சொல்லாம விட்டது தப்புன்னு அண்ணாச்சிகிட்ட போய்ச் சொல்லுங்க” என்றாள் அவள். அவன் இன்னும் போகவில்லை.