பிடிக்கிறவள் மூச்சு

"மூச்சு விடுறதுக்கு ஒரு ஆஸ்பத்திரியா மேடம்?"

பாயில் மல்லாந்து கிடந்தபடியேதான் பூங்கோதை கேட்டாள். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தி.

ஜெசிந்தா பாயருகில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட். பூங்கோதையைவிட ஐந்தாறு வயது இளையவள். வேலையில் கெட்டி, பேச்சில் மகா கஞ்சம்.

"முழங்காலை மடக்கு, மூச்சை இழு, மெதுவா விடு, விடும்போது தொப்புளை உள்ள வாங்கு. வர்றப்பல்லாம் இதே பாட்டுதான். உடற்பயிற்சின்னா கொஞ்சம் வேர்க்க வேண்டாமா?" பூங்கோதை விடுவதாயில்லை.

"தலையை மட்டும் தூக்குங்கக்கா."

தூக்கினாள். தொப்புளுக்கு மேலே நடுவயிறு மேடு கட்டி எழும்பியது. இரண்டாவது பிரசவத்தில் வயிற்றுத் தசை நடுவில் விலகிவிட்டது. ஆறு மாதமாகியும் சேர்ந்தபாடில்லை.

அந்த இடைவெளியில் ஜெசிந்தா விரலை வைத்துப் பார்த்தாள்.

"போன தடவை ரெண்டு விரல் போச்சு. இன்னைக்கு மூணு போகுது."

பூங்கோதை தலையைத் தொப்பென்று பாயில் போட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்திருந்தாள்: "கனமா எதையாவது தூக்கிறாதடி, குடல் வெளிய வந்துரும்." அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றிலிருந்து இவள் மூத்தவளைத் தூக்கவே இல்லை.

மூத்தவள் குழலிக்கு மூன்று வயசு. முதலில் கையை நீட்டிக்கொண்டு அழுதாள். பிறகு சிணுங்கினாள். இப்போதெல்லாம் கேட்பதே கிடையாது.

கேட்காமல் விட்டாளே, அதுதான் பூங்கோதையை அரித்தது. இனி எந்தக் காலத்திலும் பிள்ளையைத் தூக்க முடியாதோ என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

கைக்குழந்தையோடு புருஷன் வெளியே உட்கார்ந்திருந்தான். குழலி அறை மூலையில் ஒரு ரப்பர் பந்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல என்ன பண்றீங்கக்கா?"

"நீங்க சொன்னதத்தான்."

"சொன்னத மட்டுமா?"

பூங்கோதையின் கண் ஓரத்தில் கிடந்த பையின் பக்கம் போனது.

"வீட்டுல செய்யிற மாதிரியே செஞ்சு காட்டுங்க."

பூங்கோதை எழுந்து பையிலிருந்து பழஞ்சேலைக் கிழிசலை எடுத்தாள். வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பிள்ளை பெற்றவளுக்கு இப்படிக் கட்டுவது அவர்கள் பக்கத்து வழக்கம்தான். மற்றவர்கள் கொஞ்ச நாளில் அவிழ்த்து எறிந்துவிடுவார்கள். இவள் ஆறு மாதமாகக் குளிக்கப் போகும்போது மட்டும் அவிழ்த்தாள். இங்கே வரும்போது, திட்டுவார்களே என்று பைக்குள் ஒளித்துக்கொள்வாள்.

கட்டிக்கொண்டு படுத்தாள். கையைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு விசுக்கென்று எழுந்தாள். படுத்தாள். எழுந்தாள். முகம் செக்கச்செவேல் என்று ஆனது. கட்டுக்கு மேலே வயிறு பிதுங்கியது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இவள் பதறிப் பதறி, சேர வேண்டியதைத் தன் கையாலேயே விலக்கிக்கொண்டிருந்தாள்.

"போதும். எந்திரிக்கும்போது மூச்சு எங்க போச்சு?"

"அடக்கிட்டேன்."

"ஏன்?"

"பழக்கம் மேடம். காலேஜ்ல கபடி ஆடினவ நான். பிடிக்கிறவ." முகத்தில் சட்டென்று ஒரு களை வந்தது. "கணுக்கால் கையில சிக்கிட்டா போதும். மூச்சை அடக்கி, வயித்தை இறுக்கி, ஒரே பிடி. எப்பேர்ப்பட்டவளும் நகர முடியாது."

"உங்கள நோக்கிப் பாடி வர்றவ? அவளும் அடக்குவாளா?"

"அதெப்படி? அடக்கினா அவுட்டுல்ல? அவ மூச்சை விட்டுக்கிட்டேதான் அவ்வளவு பேரையும் இழுத்துட்டு..."

பூங்கோதை பாதியில் நிறுத்திவிட்டாள்.

"கட்டை அவுத்துட்டுப் படுங்க. பாடுங்க."

"ஐயோ! நான் ஒரு தடவைகூடப் பாடிப் போனதில்ல மேடம்."

"அதான் தெரியுதே."

வெட்கம் பிடுங்கித் தின்றது. "கபடி கபடி கபடி" என்று முனகலாக ஆரம்பித்தாள். ஜெசிந்தா அவள் கையை எடுத்து அவள் வயிற்றின் மேலேயே வைத்தாள்.

மூச்சு கரையக் கரைய, கைக்கு அடியில் வயிறு தானாக உள்ளே போனது. இரண்டு பக்கமும் நடுவை நோக்கி வருவது விரலுக்குத் தெரிந்தது.

"சேருது மேடம்! சேருது!"

"இன்னும் நாளாகும். அவசரப்படாதீங்க."

"எப்ப மேடம் புள்ளையத் தூக்கலாம்?"

ஆறு மாதமாகத் தொண்டையில் நின்ற கேள்வி. கேட்டுவிட்டு அழுதுவிட்டாள்.

"ஒருக்களிச்சுத் திரும்பி, கையை ஊன்றி எந்திரிங்க" என்றாள் ஜெசிந்தா. அவ்வளவுதான். பிறகு ஓரத்தில் கிடந்த பெஞ்சை இழுத்து நடுவில் போட்டாள்.

"குழலி, இதுல ஏறி நில்லு பாப்போம்."

குழலி ஏறி நின்றாள். இப்போது அம்மாவின் முகத்துக்கு நேராக அவள் முகம். குனிய வேண்டியதில்லை. பூங்கோதை கையை நீட்டினாள்.

குழலி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"வேணாம்மா."

"ஏன்டி தங்கம்?"

"உன் வயிறு பிஞ்சிரும்."

"யாருடி சொன்னா?"

"நீதான்."

பூங்கோதை நீட்டிய கையை இறக்கினாள். தான் ஒருத்திதான் பயந்து சாகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே! இந்தச் சுண்டுவிரல் அளவு பிள்ளை, பயத்தை முழுங்கிக்கொண்டுதான் பந்து உருட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ஜெசிந்தாவைப் பார்த்தாள். தூக்கு என்றாவது, வேண்டாம் என்றாவது சொல்லக் கூடாதா? அந்த மகராசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பூங்கோதை பெஞ்சை ஒட்டி நின்றாள். குழலியின் இடுப்பைப் பிடித்தாள். பழக்கதோஷம், மூச்சு தானாக அடங்கப் பார்த்தது. அடங்கவிடாமல் வாயைத் திறந்தாள்.

"கபடி கபடி கபடி கபடி..."

பிள்ளை மேலே வந்துவிட்டது. கால் இரண்டும் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. அம்மாடி, என்ன கனம்! இந்த ஆறு மாதத்தில் எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! குடலும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பூங்கோதை பாடிக்கொண்டே அழுதாள்.

குழலி கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு காதருகில் கேட்டாள்.

"பாட்டு முடிஞ்சா எறக்கி விட்டுருவியாம்மா?"

பூங்கோதை மூச்சை இழுத்து, மறுபடியும் ஆரம்பித்தாள்.